பெயின்ட் கடைசியில்: தொழுவத்தில் பழைய ஆர்எக்ஸ் 100 மீட்கப் புதிதாக இறங்குபவருக்கு

பழைய பைக்கைப் பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பூட்டத்தான் வருஷக் கணக்காகிறது. பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை எந்தத் தெருவில் விசாரித்தாலும், யாராவது ஒருவர் வீட்டுத் தொழுவத்திலோ மாடிப்படிக்குக் கீழோ ஒரு சேஸும் பக்கத்தில் இரண்டு உரச் சாக்கும் கிடக்கும். சாக்குக்குள் இருப்பது வண்டியின் மீதி. "பெயின்ட் அடிச்சாச்சு, இன்ஜின் வேலை மட்டும்தான் பாக்கி" என்பார்கள். கோளாறே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

சரியான வரிசை இது: முதலில் காகிதம், அப்புறம் பிரிப்பு, இன்ஜின், பிரேக், வயரிங். பிறகு அசிங்கமான பழைய நிறத்திலேயே ஓட்டிப் பார்ப்பது. எல்லாம் ஒழுங்கு என்று தெரிந்த பிறகே பெயின்டும், மாற்றங்களும். உதாரணத்துக்கு யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்கிறேன். எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து யமஹா 1985 முதல் 1996 வரை தயாரித்த வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், நான்கு கியர். ஹெட்டில் வால்வு கிடையாது, கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. புதிதாகக் கற்பவருக்கு இவ்வளவு எளிய இன்ஜின் அமைவது அபூர்வம். உங்களிடம் இருப்பது சிடி 100, ஸ்பிளெண்டர், புல்லட் என்றாலும் இன்ஜின் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

வண்டி எந்த ஊரில் நின்றது?

வாங்கும்போது நான் முதலில் கேட்பது மைலேஜ் அல்ல, இத்தனை வருஷம் வண்டி எந்த ஊரில் நின்றது என்பதுதான். தூத்துக்குடி, காயல்பட்டினம், உவரி போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டியில் துரு உள்ளிருந்து தின்னும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கத்தை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினால் டங்கென்று கேட்காமல் பொத்தென்று கேட்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து வண்டிகளுக்குச் சாரல் ஈரம். ரிம், ஸ்போக்ஸ், சைலன்சர் இவற்றில்தான் அடி விழுந்திருக்கும், அவை மாற்றக்கூடியவை. மானூர், சங்கரன்கோவில் பக்கத்து வறண்ட காட்டில் நின்றது கிடைத்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். ரப்பர் எல்லாம் வெடித்திருக்கும், ஆனால் இரும்பு நன்றாக இருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும் மறக்க வேண்டாம். தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. கழுவித் துடைத்து விற்பவர் அதைச் சொல்லமாட்டார், வண்டி சொல்லும். ஹெட்லைட்டைக் கழற்றி அதன் கிண்ணத்துக்குள் விரலைவிட்டுத் தடவுங்கள். மாவு போன்ற வண்டல் விரலில் ஒட்டினால் தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையையும், ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் கோடு போட்டதுபோல் கறை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தால் பால் காப்பி நிறத்தில் வரும். அப்படிப்பட்ட வண்டியை வாங்கக் கூடாது என்றில்லை. எல்லா பேரிங்கையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

காகிதம்

ஸ்பானரைத் தொடும் முன் ஆர்.சி. புக். பதிவு 15 வருஷத்துக்கு, அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1990-இல் பதிந்த வண்டி என்றால் 2005, 2010, 2015, 2020, 2025 என்று ஒவ்வொரு முறையும் புதுப்பித்திருக்க வேண்டும். நடுவில் விட்டிருந்தால் அபராதத்தோடு புதுப்பிக்கலாம். ஆனால் வண்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வந்து நிற்க வேண்டும், அதாவது ஓட வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். வேறு மாநில வண்டி என்றால் 28-ஆம் படிவத் தடையின்மைச் சான்று இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

புதியவர்கள் கவனிக்காத ஒன்று, ஆர்.சி.யில் இருக்கும் ஃபைனான்ஸ் அடமானக் குறிப்பு. தொண்ணூறுகளில் கடனில் வாங்கி, கடனையும் கட்டி முடித்து, அடமானத்தை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். இப்போது அந்த ஃபைனான்ஸ் கம்பெனியே இருக்காது. அதைத் தீர்ப்பது இன்ஜின் வேலையைவிடப் பெரிய வேலை. விற்பவரே முடித்துத் தரட்டும்.

அடுத்து, எண்கள். ஸ்டியரிங் கழுத்தில் சேஸ் எண்ணும் இன்ஜின் உடலில் இன்ஜின் எண்ணும் பொறித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேயுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இதையேதான் செய்வார்கள். எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில் வர வேண்டும். ஒரு எண் மட்டும் சாய்ந்திருந்தாலோ சுற்றிலும் அரம் போட்ட தடம் இருந்தாலோ, "ஜப்பான் இன்ஜின்" என்று அவர் எவ்வளவு சொன்னாலும் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

இடமும் கருவியும்

கராஜ் என்று தனியாக வேண்டாம். மாடு போன பிறகு காலியான தொழுவம், கார் ஷெட், காற்றோட்டமான தாழ்வாரம் எதுவும் போதும். அடுப்படிக்கும் பூஜை விளக்குக்கும் பக்கத்தில் மட்டும் கூடாது, பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தீயைத் தேடும். தரை சிமென்டாக இருக்கட்டும். மண் தரையில் விழுந்த சர்கிளிப், அதாவது பின்னைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கம்பி வளையம், மறுபடி கிடைக்காது.

8, 10, 12, 14, 17, 19 ரிங் ஸ்பானர்கள், டி ஸ்பானர்கள், பிளையர், சர்கிளிப் பிளையர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், உங்கள் வண்டிக்குரிய மேக்னெட் புல்லர். இதோடு ஒரு இம்பாக்ட் டிரைவர். இது ஆடம்பரமில்லை. ஜப்பான் வடிவமைப்பு வண்டிகளின் ஸ்டார் திருகுகளுக்கும் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் டிரைவருக்கும் பொருத்தம் கொஞ்சம் வேறு. முப்பது வருஷம் இறுகிய திருகில் சாதா டிரைவரை வைத்து முறுக்கினால் தலை வழுக்கி மொழுக்கென்று ஆகிவிடும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு, இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. திருகு நகர்ந்துவிடும்.

பிரிக்கும்போது

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். வயரும் கேபிளும் எந்த வழியாக வளைந்து போகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டுவதே சாக்கு மூட்டைக்கு முதல் படி. மளிகைக் கடையில் கிடைக்கும் பூட்டு வைத்த பிளாஸ்டிக் கவர்கள் போதும்: "முன் மட்கார்டு, 4 போல்ட்" என்று உள்ளே சீட்டு எழுதிப் போடுங்கள். முடிந்த இடங்களில் போல்ட்டை அதன் ஓட்டையிலேயே திரும்பச் செருகி வைப்பது இன்னும் நல்லது.

முழுவதையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். இன்ஜினைப் பிரித்து முடித்துப் பூட்டும் வரை முன் சக்கரத்தைத் தொட வேண்டாம். வண்டி எப்போதும் ஒரு பக்கமாவது வண்டியாக நிற்க வேண்டும்.

இன்ஜின்

முதலில் மேல்பாதி. ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சிலிண்டரைத் தூக்கும்போது, பிஸ்டன் வெளியே வரும் முன்பே கீழே கிராங்க் கேஸ் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். உடைந்த ரிங் துண்டோ பிஸ்டன் பின் சர்கிளிப்போ உள்ளே விழுந்தால், மேல் வேலை முழு இன்ஜின் வேலையாகிவிடும்.

சிலிண்டருக்குள் விரலைவிட்டு மேலிருந்து கீழே தடவுங்கள். மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே படி போல் தட்டுப்பட்டாலோ, எக்ஸாஸ்ட் வாய்ப் பக்கம் நீளக் கீறல் இருந்தாலோ போர் போட வேண்டும், அதாவது சிலிண்டரின் உள்பக்கத்தைக் கடைந்து கொஞ்சம் அகலமாக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் அளவு 50 மில்லிமீட்டர், அடுத்தடுத்து 0.25 மில்லிமீட்டர் கூடுதலாக ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வரும். முதலில் பிஸ்டனை வாங்கிவிட்டு, அதையும் சிலிண்டரையும் சேர்த்தே லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நல்ல போர்க்காரர் கையில் இருக்கும் பிஸ்டனை அளந்துதான் போர் போடுவார். பிஸ்டனைக் கேட்காமலே "அரை மில்லி தள்ளிடுறேன் தம்பி" என்கிறவரிடம் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள்.

கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. மேலும் கீழும் டக்கென்று ஒரு தட்டல் விரலுக்குத் தெரிந்தால் பெரிய பேரிங் போய்விட்டது, கிராங்கைப் பிரித்து அழுத்திப் பூட்ட வேண்டும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. பிரஸ்ஸும், நேர் பார்க்கும் டயல் கேஜும் உள்ள பட்டறையில்தான்.

தட்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல வருஷம் நின்ற டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயில் சீல்கள் இரண்டையும் மாற்றிவிடுங்கள். விலை சொற்பம், கெடுதல் பெரிது. நின்ற வண்டியில் சீல் காய்ந்து கட்டையாகியிருக்கும். மேக்னெட் பக்கச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடிக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இரைச்சல் இறங்காமல் நிற்பது அதன் முதல் அறிகுறி. கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஆயிலை இன்ஜின் குடிக்கும். தெருவே புகை மூட்டமாகும், கியர் ஆயில் மட்டம் தானாகக் குறையும். "டூ ஸ்ட்ரோக் என்றாலே புகைதான்" என்று சொல்லிப் பலர் இதோடுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பூட்டும்போது மூன்று விஷயம். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். சர்கிளிப் புதிதாக இருக்க வேண்டும். ரிங் பள்ளத்துக்குள் ஊசி போன்ற ஒரு சிறு முள் இருக்கும், ரிங்கின் இரண்டு நுனியும் அந்த முள்ளை அணைத்தபடி உட்கார வேண்டும். சிலிண்டரை இறக்கும்போது ரிங்கை விரலால் அமுக்கிப் பிடித்து, இடவலமாகத் திருப்பாமல் நேராக இறக்குங்கள். தடை தெரிந்தால் தட்டாதீர்கள், தூக்கிப் பாருங்கள். ரிங் முள்ளின் மேல் ஏறியிருக்கும்.

ஆர்எக்ஸில் டூ டி ஆயில், அதாவது பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் ஆயில், தனி டேங்கிலிருந்து பம்பு வழியாக வருகிறது. பிரித்துப் பூட்டிய பம்புக்குள் காற்று நிற்கும். அதை வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழி நின்று ஆயில் மட்டும் வரும்வரை விட வேண்டும். இருந்தாலும் முதல் டேங்கு பெட்ரோலில் லிட்டருக்கு 25 மில்லி டூ டி ஆயிலைக் கலந்தே ஊற்றுங்கள். பம்பு கைவிட்டாலும் பிஸ்டன் பிழைக்கும்.

டேங்கும் கார்புரேட்டரும்

டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்புத் தூள் தெரிந்தால் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, லிட்டருக்கு ஒரு கைப்பிடி அளவில், டேங்கு நிறைய ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் கொட்டி, சோடா உப்புத் தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, உள்ளே டூ டி ஆயிலைச் சுற்றி விடுங்கள். அலசிவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் புதுத் துரு பூத்திருக்கும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது, தண்ணீரையும் இழுக்கும். பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் ரப்பர் வளையங்கள், டேங்கு டேப் வாஷர் எல்லாம் புதிதாகப் போடுங்கள். வண்டியை வாரக் கணக்கில் நிறுத்தினால் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு அணையுங்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டையுள்ள ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்று ஊதினால் போதும்.

நிற்பதும் எரிவதும்

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் டிரம் பிரேக். பழைய ஷூவில் கல்நார் இருக்கலாம், டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதும் பழக்கத்தை விடுங்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். கேபிள்கள் எல்லாம் புதிது. அடுத்து ஸ்டியரிங் கழுத்துக்குள் இருக்கும் பேரிங், அதாவது கோன் செட்: முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் தானாக ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றால் கோன் செட் மாற்ற வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரித்தது. "புது டயர்" என்று கடைக்காரர் எடுத்துத் தந்தாலும் இதைப் பார்த்துவிட்டுத் தான் காசு.

வயரிங்கை ஒட்டுப் போட்டு மாளாது. முழு வயரிங் கிட் வாங்கி மாட்டுவதே புதியவருக்கு நல்லது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அண்ணாச்சி, இது ஒரிஜினலா?"

"ஒரிஜினல் மாதிரிதான் தம்பி."

அந்த 'மாதிரி' மட்கார்டிலும் கிராஷ் கார்டிலும் பரவாயில்லை. பிஸ்டன், பேரிங், ஆயில் சீல், பிரேக் ஷூ, கேபிள் இவற்றில் கூடாது. ஊரில் கிடைக்காததைச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒன்றோடு ஒன்றை ஒட்டிவைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

காப்பீடும் புகைச் சான்றும் கையில் வந்த பிறகு பழைய நிறத்திலேயே ஓட்டுங்கள். முதல் 500 கிலோமீட்டர் வரை முழு ஆக்சிலேட்டர் கொடுக்காமல், ஒரே வேகத்திலும் நிற்காமல், ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். புது பிஸ்டனுக்கு ஆபத்து மேட்டு ரோட்டைவிட நீண்ட சமதள ரோட்டில் அதிகம். நாங்குநேரி தாண்டி வள்ளியூர் பக்கம் நாலு வழிச் சாலையில் எதிர்க்காற்றில் ஆக்சிலேட்டரைப் பிடித்தபடியே போனால், வேகம் குறைவாகத் தெரியும், இன்ஜின் மட்டும் கொதிக்கும். திருநெல்வேலி டவுன், ஜங்ஷன், பாளை என்று நின்று நின்று சுற்றுவதே முதல் மாதத்துக்குப் போதும்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது, வெளுத்திருந்தால் கலவை மெலிவு, கறுத்து ஈரமாக இருந்தால் கனம். வெளுப்பைக் கண்டால் அதோடு ஓட்டாதீர்கள். கசிவு, சத்தம், கியர் வழுக்கல் எல்லாம் இந்தக் காலத்தில் வெளிவரட்டும். திரும்பப் பிரிக்கும்போது கீறல் விழுமே என்ற கவலை இப்போது கிடையாது. பெயின்டைத் தள்ளிப்போடச் சொன்னது இதற்குத்தான்.

பெயின்ட்

ஆனி, ஆடியில் வெளியில் ஸ்பிரே பிடிக்காதீர்கள். செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழி வழியாக வரும் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தால் பெயின்ட் வெளிறிப் பூக்கும். மாசியும் பங்குனித் தொடக்கமும் நம் ஊருக்குச் சரியான காலம். சேஸுக்குப் பவுடர் கோட்டிங் நல்லது. கொடுக்கும் முன் கோன் கிண்ணம், மரை ஓட்டைகள் இவற்றோடு சேஸ் எண்ணையும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். எண் மூடிப்போனால் அடுத்த எப்.சி.யில், அதாவது பதிவு புதுப்பிக்கும்போது நடக்கும் சோதனையில், நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். டேங்குக்குப் பெட்ரோல் தாங்கும் கிளியர் கோட் அவசியம், ஸ்பிரே செய்யும்போது சாதாரணத் துணி முகமூடி போதாது.

மாற்றங்கள்

திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றத்தை மட்டும் செய்யுங்கள் என்பது என் கட்சி. நல்ல பிடிமானமுள்ள டயர், பெட்ரோல் ஃபில்டர், ஃபியூஸ், இரண்டு பக்கக் கண்ணாடி, சீட்டுக்குப் புது ஃபோம், ஹார்னுக்கு ரிலே: இவை எல்லாம் வண்டியைத் தினமும் ஓட்டத் தகுந்ததாக்கும். எல்.ஈ.டி. ஹெட்லைட் ஆசையா? பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மேக்னெட்டிலிருந்து ஏ.சி. மின்சாரம் நேராக வருகிறது. மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் விளக்கு மினுக்கி மினுக்கிச் சீக்கிரமே போய்விடும்.

சேஸை அறுத்துக் கஃபே ரேசர் செய்வது, வேறு இன்ஜினைத் தூக்கி வைப்பது, உள்ளே தடுப்பில்லாத சைலன்சர் போடுவது இந்த மூன்றும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், தடுப்பில்லாத சைலன்சரால் ஆர்எக்ஸுக்கு வேகம் கூடுவதும் இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் குழாயின் வயிறு, அதன் நீளம் எல்லாம் கணக்குப் போட்டு வைத்தவை. வெளியேறும் புதுக் கலவையைத் திரும்ப உள்ளே தள்ளுவது அந்தக் குழாய்க்குள் மோதித் திரும்பும் அழுத்த அலைதான். அதை எடுத்துவிட்டால் நடு வேகத்து இழுவை போய்விடும், சத்தம் மட்டும் மிஞ்சும்.

நிறத்தை மாற்ற ஆசைப்பட்டால், அதுவும் ஆர்.சி.யில் பதிவான விவரம் என்பதால், பெயின்ட் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகம் எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அடுத்த எப்.சி.க்கு முந்தின வாரம் ஒரிஜினல் இண்டிகேட்டரையும் மட்கார்டையும் தேடி அலையும்போது, கடையில் அவற்றுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் கண்ணைக் கட்டும்.